ஏழாம் நம்பர் போர்ட்

நெட்டு அந்தப் பம்ப் நிலையத்துக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். ஆள் ஒன்றும் உயரமில்லை. நெட்வொர்க் வேலைக்கு வருகிறவன் என்பதால் போகிற இடங்களில் எல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் தடவை பார்க்கிறவர்கள், "இவரா நெட்டு?" என்று அண்ணாந்து பார்ப்பதுபோல் நடித்துச் சிரிப்பார்கள். அவனும் பதினோரு வருஷமாகக் கூடச் சேர்ந்து சிரித்து வைக்கிறான்.

இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

காவலாளி பதிவேட்டை அவன் பக்கம் தள்ளினார். வந்த நேரம், என்ன வேலை, கையெழுத்து. 'என்ன வேலை' என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'பராமரிப்பு' என்று எழுதினான்.

அது என்ன பராமரிப்பு என்று உங்களுக்குச் சொல்லிவிடலாம், ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது. நிலையத்தின் அடித்தளத்தில், ஒரு இரும்பு அலமாரிக்குள், ஒரு சுவிட்ச் இருக்கிறது. விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. தடித்த புத்தகம் அளவுக்கு ஒரு உலோகப் பெட்டி. அதற்கு எட்டு வாய்கள், போர்ட் என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேபிள். பம்பு, மீட்டர், கேமரா, அவசர போன் எல்லாம் மேலே கட்டுப்பாட்டு அறையோடு பேசுவது அதன் வழியாகத்தான். அந்தப் பெட்டியை ஒரு யூஎஸ்பி குச்சியை வைத்து ஃபாக்டரி செட்டிங்குக்குக் கொண்டுபோக வேண்டும். புதிதாக அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். யார், எந்தத் தேதியில், எந்தப் போர்ட்டில் கை வைத்தார்கள் என்ற குறிப்பெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும்.

அந்தக் குறிப்பில் ஒரு வரி அவனுடையது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்கா கூப்பிட்டிருந்தாள். அக்கா என்றால் கட்டுப்பாட்டு அறையில் பகல் ஷிப்ட் பார்க்கிறவள். நிலையத்தில் எல்லாருக்கும் அக்கா. "தம்பி, கீழறை போன் சும்மா சும்மா அடிக்குது. எடுத்தா ஆளே இல்ல. தலைய வலிக்குது, வந்து என்னன்னு பாரு." கீழறை என்பது அடித்தளத்துக்கும் ரெண்டு மாடி கீழே, பெரிய வால்வுகள் இருக்கிற இடம். போனுக்குள் ஈரம் இறங்கியிருக்கும். முறையான வேலை என்றால் கீழே இறங்கி, போனைக் கழற்றி, காயவைத்து, ரப்பரை மாற்ற வேண்டும். அரை நாள் பிடிக்கும். அவனுக்கு அன்றைக்கு வேறொரு இடத்தில் ஆள் காத்திருந்தார்கள். மடிக்கணினியைத் திறந்து ஏழாம் நம்பர் போர்ட்டை மூடினான். போன் அடிப்பது நின்றது. இந்தத் தொழிலில் எல்லாரும் எப்போதாவது செய்கிற காரியம்தான். திங்கட்கிழமை வந்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

"சரி பண்ணிட்டேன்க்கா" என்றான். "நல்லா இருப்பே" என்றாள் அவள்.

அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை.

இருபது நாளைக்கு முன்னால் கீழறையில் ஒரு வால்வு தெறித்தது. தண்ணீரின் அழுத்தத்தில் கதவு திறக்க முடியாமல் இறுகிக்கொண்டது. உள்ளே ஒரு ஃபிட்டர் தனியாக இருந்தான். அக்காவுடைய கணவனின் தம்பி, வீட்டில் சின்னவன். ஆட்கள் தண்ணீரில் முங்கித் தேடி எடுத்தபோது அவசர போனின் கைப்பிடி கொக்கியிலிருந்து கழன்று தொங்கியதாம். அப்படியானால் கூப்பிட்டிருக்கிறான். கூப்பிட்டால் மேஜையில் உட்கார்ந்திருந்தவள் ஏன் எடுக்கவில்லை? நிலையம் முழுக்க இதைத்தான் கேட்டது. வீடும் இதைத்தான் கேட்டது. கணவன் ஒரே ஒரு தடவை, "தூங்கிட்டியா?" என்றான். அதற்கப்புறம் அவளிடம் பேசுவதில்லை. மாமியார் அவள் இருக்கிற அறைக்குள் வருவதில்லை.

நாளைக்கு விசாரணைக்காரர்கள் வருகிறார்கள். பெட்டியைத் திறந்து படிப்பார்கள். இன்றைக்குத் துடைத்துவிட்டால் படிக்க ஒன்றும் இருக்காது. நெட்டுவின் வேலை தப்பிக்கும். அக்கா ஆயுசுக்கும் தூங்கிப்போனவளாகவே இருப்பாள்.

பெட்டியைத் துடைத்துவிட்டு வரச் சொன்ன மேனேஜர் ஏன் என்று சொல்லவில்லை. நெட்டுவும் ஏன் என்று கேட்கவில்லை. நானே போறேன் சார் என்று மட்டும் சொன்னான்.

*

அடித்தளச் சாவியோடு கூட வந்தவர் நிலையத்து எலக்ட்ரீஷியன். பல்பு என்பார்கள். எதையும் நேராகச் சொல்ல மாட்டார், ஆனால் பேசாமலும் இருக்க மாட்டார். இன்றைக்குப் படி இறங்கும்போது வாயே திறக்கவில்லை. அது நெட்டுவுக்கு என்னவோ போலிருந்தது.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தப் படிதான் சரியில்ல."

வெளியே அத்தனை வெயில் இருந்தும் ஒரு பொட்டு வெளிச்சம் கீழே வரவில்லை. ஈர சிமெண்டு வாடை. அதற்கு அடியில் துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்தது மாதிரி இன்னொரு வாடை. சுவருக்குள் பம்புகள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. இன்னும் கீழே போகிற படிக்கட்டின் வாயில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாலு படி தெரிந்தது. ஐந்தாவது படி தண்ணீரில் இருந்தது. விசாரணை முடிகிறவரை யாரும் தொடக்கூடாது என்பதால் கீழறையை இன்னும் வடிக்கவில்லை.

பல்பு அலமாரியைத் திறந்தார். எட்டுப் போர்ட்டில் ஏழுக்கு விளக்கு எரிந்தது. ஏழாவதில் செருகியிருந்த கேபிள் ஒரு முழம் தொங்கி முடிந்துவிட்டது. முனையில் செம்பு தெரிந்தது.

"இதை நான்தான் வெட்டினேன்" என்றார் பல்பு. "அன்னைக்கு உள்ள கரண்ட் பாயுமோன்னு கீழ போற எல்லாத்தையும் வெட்டச் சொன்னாங்க. நீ உன் வேலையப் பாரு. நான் மேல நிக்கறேன். எதுன்னாலும் ஒரு குரல் குடு."

படியேறும்போது ரெண்டு ரெண்டு படியாக ஏறினார். ஐம்பத்தைந்து வயது மனிதர்.

நெட்டு பையிலிருந்து குச்சிகளை எடுத்தான். நீலக் குச்சியில் ஃபாக்டரி செட்டிங் இருந்தது. சிவப்புக் குச்சி நகல் எடுக்க. கை பாட்டுக்குச் சிவப்புக் குச்சியை முதலில் செருகியது. எதையும் துடைப்பதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது பதினோரு வருஷத்துப் பழக்கம். நகல் ஏறி முடிந்த பிறகுதான் உறைத்தது. துடைக்க வந்த வரியையே பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறான். புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு அதைச் சட்டைப் பையில் போட்டான். வீட்டுக்குப் போய் அழித்துக்கொள்ளலாம்.

நீலக் குச்சியைச் செருகினான். ஊசித் துளைக்குள் கம்பியை விட்டுப் பொத்தானைப் பத்து வரை எண்ணி அழுத்தினான். எட்டு விளக்கும் ஒன்றாக மின்னி அணைந்தன. பெட்டி எழுந்திருக்க நாலு நிமிஷம் ஆகும்.

அந்த நாலு நிமிஷத்துக்கு அவனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அலமாரிக்கும் கயிற்றுக்கும் நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி போனபோது மூன்று படிதான் தெரிந்தது.

எண்ணிப் பார்த்தான். மூன்றுதான்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ஒன்று, ரெண்டு, மூன்று. ஃபாக்டரி செட்டிங்கில் எந்தப் போர்ட்டும் மூடியிருக்காது. யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். இது இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும், அதை நினைக்கத்தான் இல்லை.

ஆறு.

ஏழு.

ஏழாவது விளக்கு பச்சையாக எரிந்தது. பிறகு துடிக்க ஆரம்பித்தது. அடுத்த முனையில் யாரோ பேசும்போது மட்டும்தான் அப்படித் துடிக்கும்.

வெட்டுப்பட்ட கேபிளைப் பிடுங்கி எடுத்தான். போர்ட் காலியாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது.

மேலே, கட்டுப்பாட்டு அறையில், ஒரு போன் அடித்தது.

*

அக்கா படியிறங்கி வந்தாள். ஓடி வரவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக வந்தாள். இருபது நாளில் முகம் பாதியாகியிருந்தது. பின்னால் பல்புவைக் காணோம்.

"தம்பி, கீழறை போன் அடிச்சுது."

"ஈரம்க்கா. இப்பத்தான் பெட்டிய மறுபடி ஸ்டார்ட் பண்ணேன். அதான்."

"நான் எடுத்தேன்."

அவன் துடிக்கிற ஏழாவது விளக்கைப் பார்த்தான்.

"அண்ணின்னு கூப்பிட்டுச்சு. ஈரம் என்னை அண்ணின்னு கூப்பிடுமா தம்பி?"

அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் இன்னொரு போன் மாட்டியிருந்தது. மேலே எடுக்க ஆளில்லாவிட்டால் அது அடிக்கும். இப்போது அடித்தது. ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ எடு" என்று கிசுகிசுத்தாள். "எனக்குப் புத்தி கலங்கிருச்சான்னு நீ கேட்டுச் சொல்லு."

எடுத்தான். முதலில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் ஒரு ஆண் குரல், பதற்றமே இல்லாமல்.

"அண்ணி, நான்தான். வால்வு போயிருச்சு. கதவு திறக்கல. தண்ணி முழங்காலுக்கு வந்திருச்சு. அண்ணன்கிட்ட எதும் சொல்லாதீங்க, பயந்துக்குவான். யாரையாவது அனுப்புங்க."

அந்தக் குரல் நிற்க வேண்டும். வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. போனைத் தொங்கவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புக் குச்சியை எடுத்துப் பெட்டியில் செருகினான். ஏழாம் போர்ட் மூடியிருந்த பழைய அமைப்பு ஏற நாற்பது நொடி போதும். அந்த நாற்பது நொடியும் தொங்குகிற போனிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"அண்ணி, கேக்குதா? இடுப்புக்கு வந்திருச்சு. அண்ணி, லைன்ல இருக்கீங்கள்ல? அண்..."

ஏழாவது விளக்கு அணைந்தது. சத்தமும் நின்றது.

"இப்ப ஒண்ணும் இல்லக்கா" என்றான் நெட்டு. "சரி பண்ணிட்டேன்."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. அணைந்துபோன விளக்கையும் சிவப்புக் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். தொங்கிய போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொக்கியில் மாட்டினாள்.

"அவன் பேசிட்டு இருக்கும்போதே நிறுத்திட்டே" என்றாள் மெதுவாக.

"அக்கா..."

"அன்னைக்கும் இப்படித்தான் சரி பண்ணியா?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஈரம் என்று சொல்லலாம், கேபிள் என்று சொல்லலாம், பெட்டி பழசு என்று சொல்லலாம். அவள் கை இன்னும் போனின் மேலேயே இருந்தது. இருபது நாளாக அந்தக் கையைத்தான் ஊரே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆமாக்கா" என்றான். "போன் சரியாகல. நான் போர்ட்ட மூடிட்டேன். வந்து பாக்கணும்னு நினைச்சேன், மறந்துட்டேன். அவரு கூப்பிட்டிருப்பாரு. உங்களுக்கு வந்தே இருக்காது. நீங்க தூங்கல."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும் எழுந்து முகத்தைத் துடைத்தாள்.

"திற."

"அக்கா, வேண்டாம்."

"இருபது நாளா அவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். திற தம்பி."

நீலக் குச்சியைச் செருகினான். பத்து வரை எண்ணினான். மறுபடி நாலு நிமிஷம். இந்தத் தடவை அவன் நடக்கவில்லை. கயிற்றுப் பக்கம் திரும்பவும் இல்லை. தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது, நாய் தண்ணீர் குடிப்பது மாதிரி.

ஏழாவது விளக்கு எரிந்தது. போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள்.

"சின்னவனே, நான்தான். இருக்கேன். லைன்லயேதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று நெட்டுவுக்குக் கேட்கவில்லை. அக்கா, ம், ம் என்றாள். "கழுத்துக்கா? சரி, தலைய மேல தூக்கிக்கோ" என்றாள். "உங்க அண்ணன்கிட்ட சொல்லல. சத்தியமா சொல்லல" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அவள் புடவை தோளிலிருந்து கால் வரைக்கும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேலே கூரையில் ஒழுகல் எதுவும் இல்லை.

விளக்கு துடிப்பது நின்றது.

"போயிட்டான்" என்றாள் அக்கா.

*

மறுநாள் விசாரணை அறையில் நெட்டு சிவப்புக் குச்சியை மேஜையில் வைத்தான். நகலில் எல்லாம் இருந்தது. தேதி, நேரம், போர்ட் எண், அவன் பெயர். படித்தவர்கள் ரெண்டு தடவை படித்தார்கள். வேலை அன்றைக்கே போனது. மேனேஜர் அவனைத் தனக்குத் தெரியவே தெரியாது என்பதுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காவின் கணவன் வீட்டில் எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்து அழுதானாம். பல்பு போனில் சொன்னார். மாமியார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். அக்காவும் ஒருநாள் கூப்பிட்டாள். "உன்னை மன்னிக்கறதா வேண்டாமான்னு எனக்கே இன்னும் புரியல. ஆனா நீ மறைக்கல" என்றாள். நிலையத்து போனிலிருந்துதான் பேசினாள், தன் மொபைல் நம்பரையும் கொடுத்தாள். கீழறையை வடித்துக் கழுவி, புது வால்வு, புது போன், புதுப் பெட்டி எல்லாம் வைத்துவிட்டார்கள். பழைய பெட்டியை அரக்கு முத்திரை போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் ஒரு மதியம். நெட்டு சாப்பிட உட்கார்ந்திருந்தான். மனைவி, வேலை தேடுகிற லட்சணத்தைப் பற்றி அடுப்படியிலிருந்தே நாலு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தாள். மொபைல் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது.

"சொல்லுங்கக்கா."

பின்னால் இரைச்சலாக இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோன மாதிரி.

"தம்பி, ஒண்ணும் பதறாத. கீழதான் இருக்கேன். கதவு இழுத்துக்கிச்சு. தண்ணி கணுக்காலுக்கு வருது."

சாப்பாட்டுக் கையோடு எழுந்துவிட்டான். "அக்கா, அப்படியே இருங்க. கட் பண்ணிடாதீங்க." அந்த அழைப்பை நிறுத்தி வைத்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறையின் நம்பரை அழுத்தினான். யார் எடுத்தாலும் ஆளை அனுப்பச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.

"கட்டுப்பாட்டு அறை" என்றாள் அக்கா.

நெட்டு மொபைலைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான்.

"யாரு? தம்பியா? என்னப்பா இந்த நேரத்துல?"

"அக்கா, உங்க மொபைல் எங்க?"

"பையில கிடக்கு. லாக்கர்ல வெச்சுப் பூட்டியிருக்கேன். ஏன்?"

"கீழ போனீங்களா?"



"இன்னும் போகல" என்றாள். "இப்பத்தான் சாவி வாங்கிட்டு வந்தேன். அவன் நின்ன இடத்த ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்னு. யாருகிட்டயும் சொல்லல. உனக்கு எப்படித் தெரியும்?"

"போகாதீங்கக்கா. காலைத் தொட்டுக் கேக்கறேன். சாவிய மேஜையில வைங்க. எனக்குக் கேக்கற மாதிரி வைங்க."

சாவி மேஜையில் விழுகிற சத்தம் கேட்டது.

"வெச்சுட்டேன். போதுமா? என்னமோ பேய் பிடிச்சவன் மாதிரி பேசறே. போகல, போ. போய்ச் சாப்பிடு."

அவள் போனை வைத்தாள். நெட்டு மூச்சு விட்டான். மனைவி வாசலில் நின்று, என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினான். நிறுத்தி வைத்த அழைப்பு திரையில் அப்படியே இருந்தது. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இனி அங்கே யாரும் இருக்கக் காரணமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை எடுத்துக் காதில் வைத்தான்.

"முழங்காலைத் தாண்டிருச்சு தம்பி" என்றாள் அக்கா. "நீ லைன்ல இருக்கேல்ல?"

"இருக்கேன்க்கா" என்றான் நெட்டு.